இறந்த கிளியும் விதண்டாவாதமும்: மான்டி பைத்தான் குறுநாடகங்களில் தத்துவம்

மான்டி பைத்தான் என்பது பிரிட்டனைச் சேர்ந்த நகைச்சுவைக் குழு. கிரஹாம் சாப்மன், ஜான் கிளீஸ், எரிக் ஐடில், டெர்ரி ஜோன்ஸ், மைக்கேல் பேலின், டெர்ரி கில்லியம் ஆகிய ஆறு பேர் அதன் உறுப்பினர்கள். இவர்கள் எழுதி நடித்த 'மான்டி பைத்தான்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்' தொடர் 1969 அக்டோபர் 5 முதல் 1974 டிசம்பர் வரை பிபிசி தொலைக்காட்சியில் நான்கு பருவங்களாக, 45 பகுதிகளாக ஒளிபரப்பானது. சில நிமிடங்களே நீளும் குறுநாடகங்களும் கில்லியமின் வெட்டுப்பட இயங்குபடங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து செல்லும் அமைப்பு கொண்டது இத்தொடர். இதன் அபத்த நகைச்சுவை தத்துவக் கேள்விகளை எவ்வாறு கையாள்கிறது, எங்கே வெல்கிறது, எங்கே தவறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

குழுவினரில் சாப்மன், கிளீஸ், ஐடில் மூவரும் கேம்பிரிட்ஜில் படித்தவர்கள். ஜோன்ஸும் பேலினும் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார்கள். கில்லியம் அமெரிக்கர். சாப்மன் மருத்துவமும் கிளீஸ் சட்டமும் பயின்றனர். பேலினின் பாடம் வரலாறு. ஜோன்ஸும் ஐடிலும் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள். ஆக, தத்துவத்தைத் தொழிலாகக் கொண்டவர் எவரும் குழுவில் இல்லை. ஆனால் அவர்கள் மாணவர்களாக இருந்த காலத்தில் அந்த இரு பல்கலைக்கழகங்களிலும் மொழியை ஆராய்வதே தத்துவத்தின் முதன்மை வேலை என்ற எண்ணம் மேலோங்கியிருந்தது. ஒரு சொல்லை நாம் அன்றாடம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று கேட்பதன் வழியாகப் பழைய தத்துவச் சிக்கல்களை அவிழ்க்க முடியும் என்று பலர் நம்பினார்கள். 1960-இல் மேடையேறிய 'பியாண்ட் த ஃப்ரிஞ்ச்' நிகழ்ச்சியிலேயே ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதிகளின் பேச்சு முறையைக் கிண்டல் செய்யும் குறுநாடகம் ஒன்று இருந்தது. எனவே தத்துவத்தைக் கேலி செய்வது பைத்தான் குழுவின் கண்டுபிடிப்பு அல்ல.

அவர்கள் கொண்டுவந்த புதுமை வேறு. அதுவரை தொலைக்காட்சிக் குறுநாடகம் என்றால் இறுதியில் ஒரு சிரிப்பு வெடி இருந்தாக வேண்டும். அதை நோக்கியே எல்லா வசனமும் நகரும். பைத்தான் குழு அந்த முடிவுவரியை உதறியது. ஸ்பைக் மில்லிகன் 1969-இல் 'கியூ5' தொடரில் இதைச் செய்து காட்டியிருந்தார். பைத்தான் குழுவினர் அதையே தொடரின் அடிப்படை விதியாக ஆக்கினார்கள். ஒரு காட்சி முடியாமலே அடுத்ததற்குப் போகிறது. ஒரு கர்னல் உள்ளே வந்து, இது அளவுக்கு மீறிய அசட்டுத்தனம் என்று நிறுத்திவிடுகிறார். தீர்ப்பு இல்லாமல் கேள்வியை அப்படியே விட்டுச்செல்ல இந்த வடிவம் இடம் கொடுத்தது. தத்துவம் இங்கே நுழைந்தது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான்.

நகைச்சுவையால் மட்டுமே ஆன, ஆனால் தீவிரமான ஒரு தத்துவ நூலை எழுத முடியும் என்று விட்கென்ஸ்டைன் ஒருமுறை சொன்னதாக அவருடைய மாணவர் நார்மன் மால்கம் தன் நினைவுநூலில் பதிவு செய்திருக்கிறார். பைத்தான் பற்றிய தத்துவ விவாதங்களில் இந்தச் செய்தி அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஆனால் எந்த வகை நகைச்சுவை அந்த நூலில் இடம்பெறத் தகுதியானது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இறந்த கிளி

1969 டிசம்பர் 7 அன்று ஒளிபரப்பான 'இறந்த கிளி' இக்குழுவின் மிகப் புகழ்பெற்ற குறுநாடகம். கிளீஸும் சாப்மனும் எழுதியது. கிளீஸ் வாடிக்கையாளராகவும் பேலின் கடைக்காரராகவும் நடித்தனர். செல்லப்பிராணிக் கடையில் அரைமணி நேரத்துக்கு முன் வாங்கிய கிளி செத்துக் கிடக்கிறது என்று வாடிக்கையாளர் புகார் சொல்கிறார். கடைக்காரர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார். கிளி ஓய்வெடுக்கிறது என்கிறார். பிறகு மயங்கிவிட்டது என்கிறார். சொந்த ஊரான நார்வேயின் கடல்முகங்களை நினைத்து ஏங்குகிறது என்கிறார். வாடிக்கையாளர் கிளியை மேசையில் அடித்துக் காட்டுகிறார், மேலே எறிந்து தரையில் விழவைக்கிறார். கிளி முதலில் கம்பியில் நின்றதற்குக் காரணமே அதன் கால்களில் ஆணி அடித்திருந்ததுதான் என்றும் தெரிவிக்கிறார். ஆணி அடிக்காவிட்டால் அது கம்பிகளை வளைத்துக்கொண்டு பறந்துபோயிருக்கும் என்று அதற்கும் கடைக்காரரிடம் பதில் இருக்கிறது.

இந்த உரையாடலைச் சாதாரண ஏமாற்றுக்காரக் கடைக்காரரின் கதையாகப் பார்க்கலாம். ஆனால் அதன் கட்டமைப்பு, ஆன்டனி ஃப்ளூ 1950-இல் வெளியிட்ட சிறு கட்டுரையில் சொல்லும் உவமைக்கு மிக அருகில் இருக்கிறது. ஜான் விஸ்டம் முன்பு சொன்ன கதையை ஃப்ளூ விரித்து எழுதினார். காட்டின் நடுவே ஒரு வெளியில் பூக்களும் களைகளும் வளர்ந்திருக்கின்றன. இதைப் பராமரிக்கத் தோட்டக்காரர் ஒருவர் இருக்கிறார் என்கிறான் ஒருவன். காவல் இருந்து பார்க்கிறார்கள், யாரும் வரவில்லை. அப்படியென்றால் அவர் கண்ணுக்குத் தெரியாதவர் என்கிறான். மின்வேலி போடுகிறார்கள், மோப்ப நாய்களைக் கொண்டுவருகிறார்கள், எதுவும் அகப்படவில்லை. அப்படியென்றால் அவர் தொட முடியாதவர், வாசனை இல்லாதவர் என்கிறான். இப்படிப்பட்ட தோட்டக்காரருக்கும், தோட்டக்காரரே இல்லாமல் இருப்பதற்கும் என்ன வேறுபாடு என்று நண்பன் கேட்கிறான். எந்தச் சான்றாலும் மறுக்க முடியாதபடி ஒரு கூற்றைக் காப்பாற்றிக்கொண்டே போனால், இறுதியில் அந்தக் கூற்று எதையுமே சொல்லாததாகிவிடுகிறது என்பது ஃப்ளூவின் வாதம்.

கடைக்காரர் செய்வதும் இதையேதான். 'உயிரோடு இருக்கிறது' என்ற சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டே போகிறார். அசையாமல் இருப்பது, சத்தம் இல்லாமல் இருப்பது, தலைகீழாக விழுவது எல்லாமே உயிரின் அடையாளங்களாகிவிடுகின்றன. கடைசியில் அவர் சொல்லும் உயிருக்கும் மரணத்துக்கும் வேறுபாடு மிஞ்சுவதில்லை. போதுமான மாற்றங்களை வேறு இடங்களில் செய்துகொள்ளத் தயாராக இருந்தால் எந்தக் கூற்றையும் எப்போதும் உண்மை என்று பிடித்துக்கொண்டிருக்க முடியும் என்று குவைன் 1951-இல் எழுதினார். அதை மூன்று நிமிடங்களில் நடித்துக் காட்டுகிறார் பேலின்.

ஆனால் குறுநாடகத்தின் உண்மையான ஆழம் வாடிக்கையாளர் பக்கத்தில் இருக்கிறது. உண்மை அவரிடம் இருக்கிறது. கையில் கூண்டோடு இருக்கிறது. இருந்தும் அவர் செய்யக்கூடியது ஒன்றுதான். சாவைக் குறிக்கும் சொற்களை அடுக்குகிறார். ஆங்கிலத்தில் மரணத்துக்கு எத்தனை இடக்கரடக்கல்கள் உண்டோ அத்தனையும் அவர் வாயிலிருந்து கொட்டுகின்றன. தமிழிலும் காலமானார், இறைவனடி சேர்ந்தார், சிவலோகப் பதவி அடைந்தார், மண்டையைப் போட்டார் என்று இந்தப் பட்டியல் நீளமானது. சாவு என்ற சொல்லைத் தவிர்ப்பதற்காக உண்டான மங்கல வழக்குகளையெல்லாம், சாவை நிரூபிப்பதற்கான சான்றுகளாக அவர் பயன்படுத்துகிறார். மறைக்கப் பிறந்த சொற்களைக் கொண்டு ஒன்றைத் திறந்துகாட்ட முயல்வதுதான் இந்தக் காட்சியின் முரண். எத்தனை சொல் சேர்த்தாலும் எதிரில் இருப்பவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் உண்மை நகராது என்பதை அந்தப் பட்டியல் காட்டுகிறது.

பின்பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கடைக்காரர் வாடிக்கையாளரை போல்டன் நகரில் உள்ள தன் சகோதரர் கடைக்கு அனுப்புகிறார். அங்கே அதே ஆள் ஒட்டு மீசையோடு நின்று, இது இப்ஸ்விச் நகரம் என்கிறார். ரயில் நிலையத்துக்குப் போய்க் கேட்டால் இது போல்டன்தான் என்கிறார்கள். கிளியின் சாவை மறுத்தவரின் கையில் இப்போது ஊரின் பெயரும் நிலையில்லாமல் போகிறது. ஒரு சிறிய உண்மையை விட்டுக்கொடுத்தால் அதோடு சேர்ந்து வேறு எவையெல்லாம் கழன்று விழும் என்பதற்கு இது எளிய சித்திரம். இந்த விசாரணையைத் தொடர விரும்பவில்லை என்று வாடிக்கையாளரே கைவிடுகிறார். உண்மை தோற்றுப்போகவில்லை. அதைச் சொல்பவர் களைத்துப்போகிறார்.

விவாதக் கூடம்

1972 நவம்பர் 2 அன்று ஒளிபரப்பான 'ஆர்க்யுமென்ட் கிளினிக்' இன்னும் நேரடியான தத்துவக் குறுநாடகம். ஒரு அலுவலகத்தில் காசு கொடுத்தால் விவாதம் கிடைக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பவுண்டு, பத்து அமர்வுகளுக்குச் சலுகை விலையில் எட்டு பவுண்டு. பேலின் வாடிக்கையாளர், கிளீஸ் விவாதிக்கும் ஊழியர். உள்ளே நுழைந்தவுடன் கிளீஸ் எல்லாவற்றையும் மறுக்கிறார். இது விவாதம் அல்ல, வெறும் மறுப்பு என்று பேலின் முறையிடுகிறார். விவாதம் என்பது ஒரு முடிவை நிறுவுவதற்காகத் தொடர்ச்சியாக அடுக்கப்படும் கூற்றுகள் என்று வரையறையும் கொடுக்கிறார். அதையும் கிளீஸ் மறுக்கிறார்.

இந்திய தருக்க மரபு இந்த வேறுபாட்டை மிக முன்னதாகவே வகைப்படுத்தியிருக்கிறது. நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைக் கண்டடைவதற்காக இருவரும் சேர்ந்து நடத்துவது வாதம். எப்படியாவது வெல்வதற்காக நடத்துவது ஜல்பம். தனக்கென ஒரு நிலைப்பாடும் இல்லாமல் எதிராளி சொல்வதைத் தகர்ப்பதை மட்டும் செய்வது விதண்டை. கடைசி வகை விதண்டாவாதம் என்ற பெயரில் தமிழ் அன்றாடப் பேச்சில் இன்றும் புழங்குகிறது. வீட்டுத் திண்ணையில் நடக்கும் வாக்குவாதத்தில்கூட 'விதண்டாவாதம் பண்ணாதே' என்று சொல்லிவிட முடியும். பேலின் வாதத்துக்குக் காசு கட்டினார், கிடைத்தது விதண்டை. அவருடைய புகார் முழுவதையும் இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

ஆனால் குறுநாடகம் இந்த வகைப்பாட்டோடு நிற்கவில்லை. மணி அடித்து நேரம் முடிந்த பிறகுதான் முக்கியமான இடம் வருகிறது. இன்னும் காசு கொடுத்தால்தான் விவாதிப்பேன் என்கிறார் கிளீஸ். பேலின் கொடுக்கிறார். கொடுக்கவில்லை என்கிறார் கிளீஸ். அப்போது பேலின் தன் வாழ்நாளின் சிறந்த வாதத்தை எடுத்துவைக்கிறார். காசு கொடுக்காவிட்டால் நீங்கள் விவாதிக்க மாட்டீர்கள், இப்போது விவாதிக்கிறீர்கள், ஆகவே நான் காசு கொடுத்திருக்கிறேன். தருக்க வடிவில் இது பிழையற்ற வாதம். அதற்குக் கிளீஸ் தரும் பதில், நான் ஓய்வு நேரத்தில் சும்மா விவாதித்துக்கொண்டிருக்கலாமே என்பது.

இந்தப் பதில் வெற்று மறுப்பு இல்லை. பேலின் வாதத்தின் முதல் முற்கோளையே அது தாக்குகிறது. காசு இல்லாமலும் விவாதம் நடக்க வாய்ப்புண்டு என்று காட்டி, முடிவு அவசியமாகப் பின்தொடராது என நிறுவுகிறது. காட்சி முழுவதிலும் கிளீஸ் உண்மையான வாதம் செய்யும் ஒரே இடம் இதுதான். அதுவும், தான் வாதமே செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில். வாதம் கிடைக்கவில்லை என்று குறைபட்ட பேலினுக்கு அது கிடைக்கிறது. கிடைத்தது அவருக்குத் தெரியவில்லை. சலித்துப்போய் வெளியேறிவிடுகிறார். விதண்டைக்கும் வாதத்துக்கும் இடையிலான கோடு நாம் நினைக்கும் அளவுக்குத் தெளிவானது அல்ல, கோபத்தில் இருப்பவரால் அதைப் பார்க்க முடியாது என்ற உண்மை போகிற போக்கில் பதிவாகிறது.

இறுதியில் காவல்துறை ஆய்வாளர் ஒருவர் வந்து, இப்படிப்பட்ட குறுநாடகத்தில் நடித்ததற்காக இவர்களைக் கைது செய்கிறார். அடுத்து வரும் ஆய்வாளர், முடிவுவரி இல்லாமல் காவலர் வந்து காட்சியை முடிக்கும் உத்தியைக் குற்றமாக அறிவிக்கிறார். அறிவிக்கும்போதே தானும் அதைத்தான் செய்கிறோம் என்று உணர்கிறார். அவரைப் பிடிக்க இன்னொருவர் வருகிறார். ஒவ்வொரு விதிக்கும் அதை நியாயப்படுத்த மேலும் ஒரு விதி தேவைப்பட்டால் அந்தச் சங்கிலிக்கு முடிவு ஏது என்ற பழைய கேள்வியைத் தருக்க நூல்கள் அனவஸ்தை என்று அழைக்கும். இங்கே அது சீருடை அணிந்து வருகிறது.

தத்துவஞானிகளின் கால்பந்தாட்டம்

தத்துவவாதிகளை நேரடியாகப் பாத்திரங்களாக்கிய குறுநாடகங்களும் உண்டு. 1972-இல் ஜெர்மன் தொலைக்காட்சிக்காகத் தயாரித்த இரண்டாவது நிகழ்ச்சியில் கிரேக்கத் தத்துவவாதிகளும் ஜெர்மானியத் தத்துவவாதிகளும் கால்பந்தாடுகிறார்கள். நடுவர் கன்ஃபூசியஸ். ஜெர்மன் அணியில் உண்மையான கால்பந்து வீரர் பெக்கன்பவரும் எதிர்பாராமல் இடம்பெறுகிறார். ஊதல் ஒலித்ததும் எல்லோரும் பந்தை விட்டுவிட்டுத் தாடையைத் தடவியபடி உலாவுகிறார்கள். விட்கென்ஸ்டைனுக்குப் பதிலாக மார்க்ஸ் களமிறங்குகிறார். சுறுசுறுப்பாக உடலைத் தயார்செய்துகொண்டு உள்ளே ஓடிய அவரும் மற்றவர்களைப் போல யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஆர்க்கிமிடீஸுக்குத் திடீரென்று பந்தை உதைக்கலாம் என்று தோன்றுகிறது. சாக்ரடீஸ் தலையால் முட்டி கோல் அடிக்கிறார்.

இதை மிகவும் கொண்டாடுகிறவர்கள் உண்டு. 2010-இல் லண்டனில் ஒரு மைதானத்தில் இந்த ஆட்டத்தை மறுபடி நடத்தியும் பார்த்தார்கள். ஆனால் தத்துவ நோக்கில் முந்தைய இரண்டையும்விட இது பலவீனமானது. சிரிப்பின் பெரும்பகுதி பெயர்களைத் தெரிந்து வைத்திருப்பதிலிருந்து வருகிறது. யோசிப்பவர்கள் செயல்பட மாட்டார்கள் என்ற பொதுப்புத்தியை அது கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. உலகை விளக்கினால் போதாது, மாற்ற வேண்டும் என்று எழுதிய மார்க்ஸைத் தேங்கி நிற்கவைக்கும் இடம் மட்டும் கூர்மையாக இருக்கிறது.

கோல் விழுந்த பின் வரும் ஆட்சேபங்கள் இதில் மிஞ்சும் நல்ல பகுதி. ஹெகலும் கான்ட்டும் தத்தம் கோட்பாடுகளைக் கொண்டு அந்த கோலின் இருப்பையே மறுக்கிறார்கள். மார்க்ஸ் அது ஆஃப்சைடு என்கிறார். முதல் இருவரும் செல்லப்பிராணிக் கடைக்காரரின் வழியில் போகிறார்கள். மார்க்ஸின் ஆட்சேபம் ஒன்றுதான் சரிபார்க்கக்கூடியது, தவறாக இருந்தால் தவறு என்று காட்டக்கூடியது. இந்த ஒரு வேறுபாட்டால் குறுநாடகம் பெயர்ப்பட்டியல் நிலையிலிருந்து தப்பிக்கிறது.

குறைகள்

பைத்தான் குழுவின் உலகில் கேள்வி கேட்கும் உரிமை பெரும்பாலும் படித்த நடுத்தர வர்க்க ஆங்கிலேய ஆண்களுக்கே இருக்கிறது. தொடரில் நிலையாக நடித்த பெண் கேரல் கிளீவ்லண்ட் ஒருவர்தான். அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அழகுப் பதுமை வேடங்கள். மற்ற பெண் பாத்திரங்களை ஆண்களே கீச்சுக் குரலில் நடித்தார்கள். 1972-இல் வந்த ஒரு காட்சியில் திருமதி முற்கோள், திருமதி முடிவு என்று பெயர் கொண்ட இரு பெண்கள் சலவைக் கடையில் சார்த்தரின் நாவல் வரிசை பற்றி விவாதித்து, சந்தேகம் தீர்க்கப் பாரிஸுக்கே போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். துணி துவைக்க வந்தவர்கள் இருத்தலியம் பேசுவது நகைப்புக்கு உரியது என்ற பார்வையாளரின் முன்முடிவை நம்பியே இந்தக் காட்சி நிற்கிறது. ஆனால் அந்தப் பெண்கள் கேட்கும் கேள்வி முறையானது. சார்த்தரும் ஆமாம் என்று ஒரு சொல்லில் ஒப்புக்கொள்கிறார். தத்துவம் யாருடையது என்று கேட்டிருக்கக்கூடிய இடம் அது. தொடர் அதை உணராமல் கடந்துவிடுகிறது.

இரண்டாவது குறை இன்னும் அடிப்படையானது. எல்லாவற்றையும் அபத்தமாக்கும் நகைச்சுவைக்கு எதையும் பொருட்படுத்தாமல் இருக்கும் வசதி உண்டு. கடைக்காரர், அலுவலர், நீதிபதி என எல்லோரும் சம அளவில் அசடுகள் என்றால் அநீதி இழைப்பவருக்கும் அதற்கு ஆளாகிறவருக்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது. 'இறந்த கிளி' இந்தப் பொறியில் விழவில்லை. நாம் யார் பக்கம் என்பதில் அங்கே குழப்பம் இல்லை. தொடரின் பல பலவீனமான காட்சிகள் விழுந்திருக்கின்றன.

மதிப்பீடு

சிரிப்பு என்பது இறுக்கமான எதிர்பார்ப்பு திடீரென ஒன்றுமில்லாமல் போவதால் உண்டாவது என்று கான்ட் 1790-இல் விளக்கினார். பைத்தான் குழுவின் சிறந்த குறுநாடகங்களுக்கு இந்த விளக்கம் பாதிதான் பொருந்துகிறது. எதிர்பார்ப்பு கலைகிறது, ஆனால் அந்த இடம் வெறுமையாக இல்லை. வாங்கிய பொருளைத் திருப்பித் தருவது, காசு கொடுத்துச் சேவை பெறுவது போன்ற எளிய பழக்கங்களுக்கு அடியில், எதிரில் இருப்பவர் உண்மையை மதிப்பார் என்ற நம்பிக்கை ஒன்று இருக்கிறது. அதை யாரும் நிரூபித்ததில்லை, நிரூபிக்கவும் முடியாது. அது இல்லாமல் ஒரு கிளியைக்கூடத் திருப்பித் தர முடியாது. அந்த நம்பிக்கையை ஒரு நிமிடம் உருவி எடுத்துக் காட்டும்போதுதான் இக்குறுநாடகங்கள் தத்துவமாகின்றன. தத்துவவாதிகளின் பெயர்கள் வரும் காட்சிகளைவிட, வராத காட்சிகளே இதில் முன்னால் நிற்கின்றன.

கிரஹாம் சாப்மன் புற்றுநோயால் 1989 அக்டோபர் 4 அன்று இறந்தார். தொடரின் முதல் ஒளிபரப்புக்கு இருபது ஆண்டு நிறைவதற்கு முந்தைய நாள் அது. அவருக்கு வயது 48. அந்த டிசம்பரில் லண்டனில் நடந்த நினைவுக் கூட்டத்தில் ஜான் கிளீஸ் பேசினார். இருவரும் சேர்ந்து கிளிக்காக எழுதிய அதே இடக்கரடக்கல்களை எடுத்து நண்பருக்கு அஞ்சலியாகச் சொன்னார். அரங்கம் சிரித்தது. கடையில் அந்தச் சொற்கள் ஒப்புக்கொள்ள மறுக்கும் ஒருவரிடம் வீணாகின. நினைவுக் கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள். அதனால் அதே சொற்கள் அங்கே தம் வேலையைச் செய்தன. இருபது ஆண்டுகளாக எல்லோரும் கிளியைப் பற்றியது என்று நினைத்துச் சிரித்த பட்டியல், சாவின் முன் மனிதர்கள் என்ன சொல்வது என்று தெரியாமல் சொல்லும் எல்லாவற்றின் பட்டியலும்கூட.